பக்கத்து வீட்டு நற்செய்தி: கார்த்திகை மழையில் குமரி மாவட்டம்

நவம்பர் 26, புதன். ஆரல்வாய்மொழி

கிறிஸ்தவர் தன் விசுவாசத்தை அடுத்த வீட்டாரிடம் எப்படிச் சொல்வது, எப்படிச் சொல்லக் கூடாது என்று பார்த்துக்கொண்டே போன பயணத்தின் குறிப்பு இது. கணவாயைத் தாண்டும்போது முப்பந்தலில் காற்றாலைகள் பாதி சும்மா நின்றன. ஆனி, ஆடியில் ஆளைத் தள்ளுகிற காற்று கார்த்திகையில் அடங்கிவிடும். அதற்குப் பதில் மழை. அதுவும் நின்று பெய்யாது. பத்து நிமிடம் கொட்டும், வெயில் அடிக்கும், குடையை மடக்கியதும் மறுபடி கொட்டும்.

ஊருக்குத் தெற்கே காற்றாடிமலை. 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட பாறைக்குன்று. அவர் குருவும் அல்ல, துறவியும் அல்ல. அரண்மனை வேலை பார்த்து, மனைவியோடு குடும்பம் நடத்திய மனிதர். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். தட்டினால் மணிபோல் ஒலிக்கிற மணியடிச்சான் பாறை இங்கே இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் ஒரு கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்கள். மழைநாளில் பாறை பயங்கரமாக வழுக்குகிறது. ஒரு குடும்பத்துப் பாட்டா சறுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றுமில்லை, வேட்டிதான் பாழ்.

கீழே சாலையோரத்தில் சாயாக்கடை. சுவரில் மாதா படம், அதன் கீழே சின்ன மின்விளக்கு. கறுப்பு வேட்டியும் மாலையுமாக இரண்டு ஐயப்ப சாமிமார் வந்து உட்கார்ந்தார்கள், வெளியூர் வண்டி. கடைக்காரர் வரிசையாகக் கவிழ்த்திருந்த கண்ணாடிக் கிளாஸ்களைத் தொடவில்லை. தகர டப்பாவைத் திறந்து புதுப் பேப்பர் கப் இரண்டை எடுத்தார். "சாமிக்கு கட்டஞ்சாயா போடட்டா? பால் வேணும்னா தனிச்சட்டியில காய்ச்சினது இருக்கு." முட்டை போண்டாத் தட்டை எடுத்து உள்பக்கம் வைத்தார். பழம்பொரி பொரிக்கும் எண்ணெய் வேறு என்பதையும் கேட்காமலே சொன்னார். சாயா 12 ரூபாய், பழம்பொரி 12 ரூபாய். போகும்போது ஒரு சாமி மாதா படத்தைப் பார்த்துக்கொண்டே, "நீங்க வேதக்காரங்க, இதெல்லாம் இவ்வளவு பார்க்கிறீங்களே?" என்றார். "விரதம் விரதந்தானே சாமி. பத்திரமா போயிட்டு வாருங்க." அவ்வளவுதான் பதில். அந்த இடத்தில் ஒரு பைபிள் வசனத்தைச் செருகியிருந்தால் முழுதும் கெட்டிருக்கும்.

2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. ஏறக்குறைய பாதிக்குப் பாதி. மேடை போட்டு யாருக்கும் இயேசுவின் பெயரை அறிமுகப்படுத்த வேண்டிய நிலை இங்கே இல்லை. எல்லோருக்கும் தெரியும். பெயரைச் சொல்கிறவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

நவம்பர் 27, வியாழன். உதயகிரி, புலியூர்க்குறிச்சி

தக்கலைக்கு முன்னாலேயே, திருவனந்தபுரம் சாலையோரம், உதயகிரிக் கோட்டை. இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. உள்ளே நடக்கிறவர்கள் கொசு விரட்டும் தைலம் எதையாவது பூசிக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் நின்று படிக்க விடாது. நின்று பார்க்க வேண்டியது இடிந்த சிற்றாலயத்துக்குள் இருக்கும் டிலனாயின் கல்லறை. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, இந்தக் கோட்டையைப் பலப்படுத்தி, 1777-இல் இங்கேயே இறந்தார். கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன.

கோட்டை வேலையில் அவரோடு கூட வேலை பார்த்தவர் நட்டாலத்து நீலகண்டன், பின்னாளில் தேவசகாயம். வீட்டில் அடுக்கடுக்காக நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்த சமயத்தில் டிலனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் கதையைச் சொன்னார் என்பதுதான் கத்தோலிக்கப் பங்குகளில் சொல்லப்படும் வரலாறு. பைபிளில் எத்தனையோ கதை இருக்க இதை எடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. துன்பப்படுகிறவரிடம் விசுவாசத்தைப் பேசப் போகிற யாரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது.

யோபுவின் நண்பர்கள் வந்ததும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை சரி. வாயைத் திறந்ததும்தான் வினை. நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், அதனால்தான் இது வந்தது என்று அதிகாரம் அதிகாரமாக விளக்குகிறார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபப்படுவது யோபுவின்மேல் அல்ல, அந்த நண்பர்கள்மேல். இன்றைக்கும் வீட்டு ஜெபத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் செய்வது அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாசின் வேலை. கடை நொடித்தவரிடம், பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம், "இது ஒரு எச்சரிப்பு" என்று தொடங்குவது. அதற்கு மறுபுறம், "இயேசுவை ஏற்றுக்கொண்டால் எல்லாம் மாறிவிடும்" என்று வாக்குக் கொடுப்பது. இரண்டாவதுதான் அதிகக் கேடு. ஆறு மாதத்தில் கடன் தீராவிட்டால் அந்த வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடம் இருக்காது.

செய்யக்கூடியது இதுதான். முதல் தடவை போகும்போது பைபிளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகாதிருப்பது. சாப்பாடு கொண்டுபோவதானால் திரும்பக் கேட்காத பாத்திரத்தில் கொண்டுபோவது. அவர் பேசட்டும். ஜெபிக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும் இரண்டு நிமிடம், கையைப் பிடிக்காமல், குரலை உயர்த்தாமல், அவர் சொன்ன காரியத்தை மட்டும் சொல்லி ஜெபித்து நிறுத்துவது. கதை சொல்லும் வேளை பிறகு வரும். யோபுவின் முதல் இரண்டு அதிகாரத்தையும் கடைசி அதிகாரத்தையும் வாய்மொழியாகச் சொல்ல ஏழெட்டு நிமிடம் போதும். நடுவில் இருக்கும் வாக்குவாதத்தை அவர் கேட்டால் சொல்லலாம்.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். டிலனாய் பிடிபட்டது 1741. நீலகண்டன் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றது 1745 மே 14. இடையில் ஏறக்குறைய நான்கு வருடம். தனக்கு அதிகாரம் இல்லாததை டிலனாய் செய்யவும் இல்லை. ஆளை வடக்கன்குளத்து இயேசு சபைக் குருவிடம் அனுப்பி வைத்தார்.

மதியம் தக்கலையில் சாப்பாடு. குண்டரிசிச் சோறு, உள்ளித்தீயல், அவியல், புளிசேரி, 90 ரூபாய். நெத்திலி பொரித்தது தனியாக 60. பரிமாறிய அக்கச்சி "தீயல் இன்னும் கொஞ்சம் விடட்டா மக்களே?" என்று மூன்று முறை வந்தார். புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறைக்குப் போனபோது மழை வலுத்துவிட்டது. தேவசகாயம் முழங்கையால் இடித்துத் தண்ணீர் வந்ததாகச் சொல்லும் இடம். அங்கிருந்த பெரியவர் ஒருவர் தன் குடையை நீட்டி, "சர்ச் வாசல்ல வச்சிட்டுப் போங்க, நான் எடுத்துக்கிடுவேன்" என்றார். எந்த ஊர் என்றுகூட விசாரிக்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி. மயிலாடி

கல்லுளிச் சத்தத்தை வைத்தே ஊரைக் கண்டுபிடித்துவிடலாம். மயிலாடிச் சிற்பப் பட்டறை ஒன்றில் பிள்ளையாரும் கல்லறைச் சிலுவையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரே ஆள் காலையில் தும்பிக்கையும் மதியத்துக்குமேல் சிலுவையின் ஓரமும் செதுக்கினார். தூசிக்கு முகத்தில் துணி. சாயா வந்தபோது பட்டறை முழுக்க ஒரே தட்டிலிருந்து எடுத்தார்கள்.

தென் திருவிதாங்கூரின் சீர்திருத்தச் சபை தொடங்கிய ஊர் இது. மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் இங்கே வந்தார், 1809-இல் ஆலயம் எழுந்தது, 1816-இல் அவர் ஊரைவிட்டே போய்விட்டார். ஆனால் அவர் வருமுன்னரே இங்கே ஒரு சிறு கூட்டம் இருந்தது. மயிலாடிக்காரரான மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர்; திரும்பும் வழியில் தஞ்சாவூரில் நற்செய்தியைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். அவர் முதலில் சொன்னது சொந்த பந்தங்களிடம். மிஷனரி வேண்டுமென்று கேட்டதும் அவர்தான். வெள்ளைக்காரர் கொண்டுவந்தார் என்று பள்ளிப்புத்தகப் பாணியில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

சொந்தக்காரரிடம் சொல்வது எளிது என்று நினைக்க வேண்டாம், அதுதான் கடினம். நம் கோபம், நம் பாகப்பிரிவினை எல்லாம் தெரிந்தவர்கள். அங்கே எடுபடுவது மூன்று நிமிடத்துக்கு மேல் போகாத சொந்தச் சாட்சி: முன்பு எப்படி இருந்தது, எது நடந்தது, இப்போது எது மாறியிருக்கிறது, எது இன்னும் மாறவில்லை. கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் கேட்கிறவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். "நீங்களும்" என்ற சொல்லை முதல் பேச்சில் எடுக்காதிருந்தால் இரண்டாவது பேச்சு நடக்கும். இரட்சிப்பு, அபிஷேகம், கட்டு அறுத்தல் போன்ற சபைப் பேச்சு கல்யாண வீட்டுத் திண்ணையில் செல்லாது. புறஜாதி, அஞ்ஞானி என்று வாய் தவறி வந்தால்கூட அன்றோடு கதை முடிந்தது.

பட்டறை, கடை, வீட்டுவேலை இடங்களில் இன்னொரு சிக்கல். கூலி கொடுக்கிறவர் பேசினால் வேலைக்காரர் தலையாட்டத்தான் செய்வார். அந்தத் தலையாட்டலை எண்ணிக்கையில் சேர்ப்பது நேர்மையல்ல. முதலாளி சனிக்கிழமை சாயங்காலம் கூலியைப் பைசா குறையாமல் எண்ணிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். சமமாக இருக்கிறவர்களுக்குள் பேச்சு தானாக வரும்.

ஊருக்குப் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்கள். வாளி வாளியாக. சமையல் பொறுப்பாளர் கணக்கு சொன்னார்: நூறு பேருக்கு 12 கிலோ அரிசி, பிள்ளைகள் அதிகமென்றால் 10 போதும். அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களையும் அழைப்பது வழக்கம். கார்த்திகையில் அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டும்: மாலை போட்டவர் இருக்கும் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று அழைப்பதே சங்கடம், அதனால் பழச்சீப்பு கொடுத்தனுப்புகிறார்கள், மட்டிப்பழம் கிடைத்தால் மட்டி. விரதமில்லாமல் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு சாம்பார் தனி அடுப்பில், தனி அகப்பையோடு. வழக்கமாகத் தப்பு நடப்பது அகப்பையில்தான். அவசரத்தில் கறிச்சட்டிக் கரண்டி சாம்பாருக்குள் போய்விடும். அதனால் சைவப் பந்தியை முதலில் முடித்துவிடுகிறார்கள். அழைப்பு, வீட்டுக்கு நேரில் போய், இரண்டு நாள் முன்னால். கதவிடுக்கில் நோட்டீஸ் செருகுவது அழைப்பு ஆகாது. இலை போட்டபிறகு மைக்கில் செய்தி கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எழுந்து போக முடியாதவரிடம் பிரசங்கம் செய்வது விருந்தோம்பலில் சேராது. இந்தச் சபையில் சாப்பாட்டுக்கு முன் ஒரு ஸ்தோத்திர ஜெபம் மட்டும்தான்.

நவம்பர் 29, சனி. நெய்யூர், மார்த்தாண்டம்

காலைச் சாப்பாடு புட்டு, பயறு, பப்படம், 50 ரூபாய். பஸ் வழியில் மக்கர் பண்ணி நின்றது. அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்று நடத்துநர் சொல்லி அரைமணி நேரம். அந்த அரைமணியில் நடந்த காட்சியை எழுதாமல் விட முடியாது. இளைஞர் ஒருவர் மதப் பிரசாரக் கைப்பிரதிக் கட்டோடு வந்தார். ஜன்னல் வழியாக ஒவ்வொருவர் மடியிலும் ஒன்றைப் போட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்ததால் மை கசிந்து ஒரு அம்மாவின் சேலையில் ஒட்டியது. அட்டையில் நெருப்பு, உள்ளே பொடி எழுத்தில் பன்னிரண்டு பக்கம், கடைசியில் எங்கோ ஒரு தபால்பெட்டி எண். அவர் போனதும் பாதித்தாள் தரையில். நடத்துநர் முணுமுணுத்தது அச்சிடத் தக்கதல்ல.

கைப்பிரதியே வேண்டாம் என்பதல்ல. கேட்டவருக்குக் கொடுத்தால் படிப்பார்கள். நான்கு பக்கத்துக்கு மேல் போகாமல், எழுத்து பெரிதாக, பயமுறுத்தும் படம் இல்லாமல், மறுபடி பார்த்துப் பேசக்கூடிய உள்ளூர் ஆள் ஒருவரைச் சொல்வதாக இருக்க வேண்டும். மழைக்காலமென்றால் உறைக்குள். கொடுத்துவிட்டு ஓடாமல், கேள்வி வந்தால் நிற்க நேரமும் வேண்டும். அதைவிட நல்லது மாற்கு நற்செய்தியைத் தனிப்பிரதியாகக் கொடுப்பது: 16 அதிகாரம், சத்தமாக வாசித்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், விலையும் சொற்பம்.

நெய்யூர் மருத்துவ மிஷன் 1838-இல் தொடங்கியது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல் முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூருக்கு வந்தார். நோயாளிக் கூட்டத்தையும், அதற்கு இருந்த ஒற்றை அறுவை மருத்துவரையும் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டு இங்கே வேலைக்குச் சேர்ந்தார். மலை ஏறியவர் என்பது பத்திரிகைக்குப் பெரிய செய்தி. இந்த ஊர்க்காரர்களுக்கு அவர் வயிற்றை அறுத்துச் சரிசெய்த டாக்டர்.

ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நாகர்கோவில் பக்கத்துச் சபைகளில் எழுதாத விதிகள் இருக்கின்றன. பார்வையாளர் நேரத்தில் மட்டும். பத்து நிமிடம். கட்டிலில் உட்காரக் கூடாது. இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது. நோயாளியோடு கூட இருக்கிறவரிடம் "சாப்பிட்டீங்களா, நான் கொஞ்ச நேரம் இருக்கேன், கீழ போய் சாயா குடிச்சிட்டு வாங்க" என்று சொல்வது ஜெபத்துக்கு முன்னால் வர வேண்டியது. மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும் என்று சொல்கிறவரை வார்டுக்குள் விடவே கூடாது; இது ஊழியமில்லை, ஆபத்து. பக்கத்துக் கட்டில்காரருக்கும் காது இருக்கிறது. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்க 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வழி செய்கின்றன. அதே விதிகள்தான் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. எல்லா மதத்தாரும் இதை அடுத்தவருக்கான விதி என்று நினைத்துக்கொள்வதுதான் தொல்லை.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே சேறு. தேன் வாங்கினோம், அரைக்கிலோ 250 ரூபாய். இங்கே தேனீப்பெட்டி பரவியதற்கு 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஊரக மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் ஒரு காரணம். பெட்டி வைத்தவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று தேனீ பார்ப்பதில்லை.

நவம்பர் 30, ஞாயிறு. குளச்சல், மண்டைக்காடு

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, வள்ளங்கள் மணலில் வரிசையாக. 2017-இல் இதே நவம்பர் 30 அன்றுதான் ஒக்கி புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று மேற்குக் கடற்கரையில் கரை திரும்பாதவர்கள் அநேகம். அதனால் இந்த நாளில் பூசையில் அழுகை இருக்கும். வெளியாள் கேமராவை உள்ளே வைத்துவிடுவது மரியாதை.

இங்கே சுமார் 30 குடும்பம் சேர்ந்து ஓர் அன்பியம். வீடு வீடாகக் கூடி வாசகம் படித்து, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று பேசி, அதற்கு ஏதாவது செய்துவிட்டுக் கலைவார்கள். நல்ல அன்பியத்துக்கு அடையாளம் பாட்டுச் சத்தம் அல்ல, எஞ்சின் பழுதான வீட்டுக்கு அந்த வாரம் மீன் போனதா என்பது. கெட்டுப்போகிற இடமும் தெரிந்ததே: பத்து மணிவரை இழுப்பது, பலகாரத்தில் போட்டி, வசூல் நோட்டு. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்து, கட்டஞ்சாயாவும் சுண்டலும் மட்டும் என்று விதி வைத்த இடங்களில் கூட்டம் நீடித்திருக்கிறது.

குளச்சலில் மரச்சீனிக்கிழங்கும் சாளைக்கறியும், 80 ரூபாய். கிழங்கு பசைபோல் வெந்து, மேலே தேங்காய்ச் சம்மந்தி. காரம் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே மோர் கொண்டுவந்தார், காசு வாங்கவில்லை.

அங்கிருந்து மண்டைக்காடு கூப்பிடு தூரம். பகவதி அம்மன் கோயில் வாசலில் மண்டையப்பம் விற்கிறார்கள். 1982 மார்ச்சில் கோயில் கொடை நேரத்தில் இங்கே மூண்ட இந்து-கிறிஸ்தவக் கலவரத்தில் உயிர்கள் போயின. துப்பாக்கிச் சூடும் நடந்தது, நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. இந்தப் பகுதியில் விசுவாசத்தைப் பேச நினைக்கிற எவரும் இந்த ஒரு வருடத்தையாவது தெரிந்துகொண்டு பேச வேண்டும். கோயில் வாசலில் கைப்பிரதி கொடுப்பதை, கொடை நாளில் தெருமுனைக் கூட்டம் போடுவதை, சாமி சிலையைப் பற்றிக் கேலி பேசுவதைச் "தைரியம்" என்று எந்த மேடையிலாவது புகழ்ந்தால், விலை கொடுக்கப்போவது மேடைக்காரர் அல்ல, இங்கே குடியிருக்கிற இரண்டு பக்கத்துக் குடும்பங்களும்.

டிசம்பர் 1, திங்கள். நாகர்கோவில்

நாள் முழுக்க மழை. திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனையும் விடுமுறை. கடைகளில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிட்டது. காகித ஸ்டார் 80 ரூபாயிலிருந்து. வாங்குகிறவர்களில் கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

சட்டம் பற்றிக் கேட்கிறவர்களுக்காக: அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977-இல் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் தன் மதக் கருத்தை எடுத்துச் சொல்வதுதான், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்றது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடைமுறை ஒன்றே: பணம், வேலை, பள்ளி இடம் எதையும் விசுவாசத்தோடு முடிச்சுப் போடக் கூடாது. விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை வருவதானால் அம்மாவோ அப்பாவோ நேரில் சம்மதம் சொல்ல வேண்டும். என்ன பாட்டு, என்ன கதை என்பதை அவர்களிடம் முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். "எதிர் வீட்டு அண்ணன் கூட்டிட்டுப் போனாரு" என்று பிள்ளை போய்ச் சொல்லித் தெரிய வருவதுதான் பல தெருக்களில் சண்டையின் முதல் வரி.

உண்மையாகவே ஒருவர் மேலும் அறிய வேண்டும் என்று வந்தால்? மாற்குவை வாரத்துக்கு இரண்டு அதிகாரம் சேர்ந்து வாசித்தால் இரண்டு மாதத்தில் முடியும். ஒவ்வொரு தடவையும் மூன்று கேள்வி போதும்: இதில் என்ன நடக்கிறது, எது புரியவில்லை, இயேசு எப்படிப்பட்டவராகத் தெரிகிறார். பதில் தெரியாவிட்டால் தெரியாது, ஆயரிடம் கேட்டு வருகிறேன் என்று சொல்லலாம். அதனால் மரியாதை குறையாது. வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்து வாசிக்கச் சொல்லக் கூடாது. முடிவை அவரே எடுக்கட்டும். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அடுத்த நாள் சாயாவுக்குக் கூப்பிட வேண்டும். இதைச் செய்யத் தெரியாதவர் தொடங்காமலே இருக்கலாம்.

டிசம்பர் 3, புதன். கோட்டாறு

சவேரியார் திருவிழாவின் கடைசி நாள், மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. 1544-இல் இந்தக் கரையில் ஊர் ஊராக நடந்தவர் பிரான்சிஸ் சவேரியார். தேவசகாயத்தின் உடல் அடக்கம் செய்யப்பட்டதும் இந்த ஆலயத்தில்தான். உப்பும் மிளகும் பொட்டலம் 20 ரூபாய். வாங்கிக் காணிக்கை போடுகிறவர்களில் நெற்றியில் குங்குமம் இருப்பவர்களும் நிறைய, யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தேர் வரும் நேரத்தில் ரதவீதியில் தோளோடு தோள் இடித்துத்தான் நிற்க முடியும். பர்ஸை முன்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லி மைக்கில் ஓயாமல் அறிவிப்பு.

இன்று கார்த்திகை தீபமும். சாயங்காலம் ஒரு சந்தில், விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து அம்மா ஒருவர் எவர்சில்வர் தூக்கில் ஓலைக்கொழுக்கட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு வந்தார். எதிர்வீட்டு வாசலில் ஸ்டார். "படைக்கதுக்கு முன்னாலயே எடுத்து வச்சிட்டேன் அக்கா, உங்களுக்குன்னு." படைத்ததைக் கிறிஸ்தவர்கள் சாப்பிடலாமா என்று சபைகளில் மணிக்கணக்காக விவாதம் நடக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதியதிலும் இரண்டு பக்கமும் இருக்கிறது: முன்னால் வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு, ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் அவர் மனசாட்சிக்காகச் சாப்பிடாதே. இந்தச் சந்தில் அந்தச் சிக்கலை அடுத்த வீட்டு அம்மாவே அடுப்படியில் தீர்த்துவிட்டார். எதிர்வீட்டு அக்கா தூக்கை வாங்கி, கருப்பட்டி வாசனையை ஒரு தடவை முகர்ந்து, "தூக்கு இங்கயே கெடக்கட்டும், முந்திரிக்கொத்து போட்டுத் தாறேன்" என்றார். கிறிஸ்துமஸுக்குத்தான் அது, சிறுபயறு வறுக்க இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். கழுவின தூக்கை வெறுமனே திருப்பிக் கொடுப்பது இங்கே வழக்கமில்லை.

தேருக்காகப் போக்குவரத்தை மாற்றிவிட்டதால் கோட்டாறு வழியாக எந்த பஸ்ஸும் வரவில்லை. வடசேரிவரை நடை. ஆட்டோக்காரர் 150 கேட்டார், இன்னொருவர் 80-க்கு வந்தார். ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சாப்டாச்சா?"